எலும்பு கூடுமுன் அறுபது நாள்

என் இடது கால் வலது காலைவிட முக்கால் அங்குலம் குட்டை. தாராவியில் செருப்புத் தைக்கும் ஒருவர் என் இடது செருப்புக்கு அடியில் தோல் அடுக்கி உயர்த்திக் கொடுத்திருக்கிறார். சேலை மறைத்துவிடுவதால் பார்ப்பவர்களுக்குத் தெரியாது. வகுப்பில் பிள்ளைகளுக்கு மட்டும் தெரியும். வராந்தாவில் நான் நடந்து வரும் சத்தத்தை வைத்தே ரூபி டீச்சர் வருகிறாள் என்று கண்டுபிடித்து வாயை மூடிக்கொள்கிறார்கள். அந்த வகையில் எனக்கு லாபம்தான்.

கார் மோதி நான் ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்றரை மாதத்தைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஆட்களில் யாருக்காவது அடிபட்டால் முதலில் ஜெபம், அடுத்தது ஆட்டுக்கால் சூப்பு, அதற்குப் பிறகு ஆளாளுக்கு ஒரு வைத்தியம். நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா, போடுவதென்றால் எப்போது என்று யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். கேட்டாலும், "மொதல்ல எந்திரிச்சு நடக்கட்டும்" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக் கிடந்தேன். அதனால் எவ்வளவு தூரம் கெட்டுப்போக இருந்தது என்பதைப் பிறர் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனாலும் இது புலம்பல் இல்லை. அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஆச்சரியம், இன்றுவரைக்கும்.

மாட்டுங்கா லேபர் கேம்ப் பக்கத்து முனிசிபல் பள்ளியில் நான் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வீடு தாராவியில், ஊர் திருநெல்வேலிப் பக்கம். என் வீட்டுக்காரர் சாமுவேல் ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். இரண்டு பெண்பிள்ளைகள். தீபாவளி லீவு முடிந்து பள்ளி திறந்த வாரம், சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். ரோட்டைக் கடக்கவில்லை, நடக்கக்கூட இல்லை. ஸ்டாப்பில், ஓரத்தில், கையில் திருத்த வேண்டிய பரீட்சைத் தாள் கட்டோடு நின்றேன். இதை இங்கேயே அழுத்திச் சொல்லிவைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

ஒரு கறுப்புக் கார் வந்தது. நிற்கும் என்று நினைத்தேன், நிற்கவில்லை. அடுத்து எனக்குத் தெரிந்ததெல்லாம் தாள்கள் ரோட்டில் பறந்ததும், என் இடது கால் நான் வைக்காத திசையில் கிடந்ததும்தான். வலி உடனே வரவில்லை. 'இது யாருடைய கால்' என்று ஒரு கணம் யோசித்தேன். காரின் பின்சீட்டிலிருந்து ஒரு சேட் இறங்கினார், என்னைப் பார்த்தார், கையைத் தட்டி டாக்ஸி ஒன்றை நிறுத்தி ஏறிப் போய்விட்டார். டிரைவர் போகவில்லை. என்னைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தி அதே காரை அவரே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். வழியெல்லாம், "ஆண்டவரே, ஆண்டவரே, இந்த அம்மாவக் காப்பாத்தும்" என்று அழுதுகொண்டே வந்தார். நம் ஊர் ஆள், நம் சபை ஆள் என்று அந்த மயக்கத்திலும் புரிந்தது. முகத்தைப் பார்த்தபோது ஆளே புரிந்தது. தாராவிக் கோயிலில் கடைசி பெஞ்சில் உட்காரும் தங்கையா. இடித்தவரும் அவர், எடுத்து வந்தவரும் அவர்.

தொடை எலும்பு இரண்டாக ஒடிந்திருந்தது. உடம்பிலேயே பெரிய எலும்பு அதுதான். அது ஒடிந்தால் தொடையின் சதை சும்மா இருக்காதாம், இரண்டு துண்டையும் இழுத்து ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றிவிடுமாம். அப்படியே கூடினால் கால் இரண்டு மூன்று அங்குலம் குட்டையாகிவிடும். ஆகவே சதையை ஏமாற்ற வேண்டும். முட்டிக்குக் கீழே, முன்னங்கால் எலும்பின் குறுக்கே ஒரு இரும்புக் கம்பியைச் செலுத்தி, அதில் கயிறு கட்டி, கட்டில் ஓரத்துக் கப்பி வழியாக எடை தொங்கவிடுவார்கள். எடையோடு உடம்பும் சேர்ந்து வழுக்கிப் போகாதபடி கட்டிலின் கால்மாட்டை மரக்கட்டை வைத்து உயர்த்திவிடுவார்கள். இதற்கு டிராக்ஷன் என்று பெயர். தலை கீழே, கால் மேலே, வாரக்கணக்கில் மல்லாந்தபடி. புரளக் கூடாது.

கம்பி செலுத்துவதற்கு மயக்க மருந்து கிடையாது, அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் ஊசிதான். கட்டிலைச் சுற்றி மறைப்பு வைத்துவிட்டு இளம் டாக்டர் ஒருவர் கையால் சுற்றும் துளைப்பானைக் கொண்டுவந்தார். எனக்கு வலி தெரியவில்லை, எலும்பு துளைபடும் அதிர்வு மட்டும் பல் வரைக்கும் வந்தது. மறைப்புக்கு வெளியே தொப்பென்று ஒரு சத்தம். முப்பது வருடமாக இரும்பில் துளை போடும் என் வீட்டுக்காரர் மயங்கி விழுந்திருந்தார். வார்டு சிஸ்டர் அவருக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே திட்டியதைக் கேட்டு நான் அந்த நிலையிலும் சிரித்தேன்.

ஆனால் மறுநாளிலிருந்து அந்தக் கப்பியை அவர் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். தினமும் நாலு மணிக்குப் பார்வையாளர்களை விடும்போது முதல் ஆளாக வருவார். என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கயிற்றைப் பார்ப்பார். கப்பி கிறீச்சிடுகிறது என்று ஒர்க்ஷாப்பிலிருந்து சின்னக் குப்பியில் எண்ணெய் கொண்டுவந்து போட்டார். பெரிய டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, இந்த வார்டில் மற்ற கட்டில்களுக்கும் போடு என்று சொல்லிவிட்டார். அதன்பின் வாரம் ஒருமுறை பதினான்கு கப்பிகளுக்கும் எண்ணெய். எண்ணெய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து என் தலையை வாரிவிடுவார். கல்யாணமாகிப் பதினாலு வருடத்தில் என் தலைமுடியைத் தொட்டறியாத மனிதர், சிக்கு எடுக்கக் கற்றுக்கொண்டு, பின்னலும் போட்டார். முதல் வாரம் அது பின்னலாக இல்லை, கயிறாக இருந்தது. மூன்றாவது வாரம் பக்கத்துக் கட்டில் பார்வதிபாய் தனக்கும் போட்டுவிடச் சொன்னாள்.

பெண்பிள்ளைகள் இரண்டு பேரையும் செம்பூரில் நாத்தனார் வீட்டில் விட்டிருந்தோம். எனக்கு லீவு சம்பளம் பாதிதான் வந்தது. அதுவும் சில வாரத்துக்குத்தான். வீட்டுக்காரர் சம்பளத்தில் வாடகையும் அரிசியும் போகும். பிள்ளைகளின் படிப்பு என் சம்பளத்தில் நடந்தது. என் வகுப்பு இரண்டாவது மாடி. படி ஏற முடியாத டீச்சரை வேலையில் வைத்துக்கொள்வார்களா என்ற கேள்வி நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது. பெரிய டாக்டரிடம் கேட்டேன். கால் எவ்வளவு குட்டையாகும், முட்டி எவ்வளவு மடங்கும் என்பதெல்லாம் மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும் என்றார். எலும்பு தன் நேரத்தில்தான் வேலை செய்யும், அதற்கு யாரும் மணி அடிக்க முடியாது என்றும் சொன்னார்.

கிறிஸ்துமஸ் நெருங்கியது. இந்த இடத்தில் எங்கள் சபையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். யாருக்காவது யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் கிறிஸ்துமஸ் நற்கருணைக்கு முன்னால் அதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். போதகரும் மூப்பர் ஒருவரும் இரண்டு பேரையும் உட்காரவைத்து ஒப்புரவாக்குவார்கள். இதில் முக்கியம், இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒருவர் மட்டும் 'நான் மன்னித்தேன்' என்று சொன்னால் அது பெருமையாகிவிடும். மாமியார் அகப்பையால் அடித்திருந்தாலும் மருமகள் 'என்மேலும் தப்பு உண்டு' என்று சொல்லியே ஆக வேண்டும். சொன்னதைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வது தாராவிக்கு வந்தபிறகு சேர்ந்த வழக்கம். குடித்துவிட்டு மறுநாள் பேச்சு மாறுகிறவர்களுக்காக ஏற்பட்டது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை போதகர் தங்கையாவைக் கூட்டிக்கொண்டு வார்டுக்கு வந்தார். தங்கையா என் கட்டிலின் கால்மாட்டில் நின்று அந்தக் கம்பியைப் பார்த்தார். என்மேல் போலீஸ் கேஸ் இருக்கிறது, ஜாமீனில் இருக்கிறேன், நீங்கள் மன்னித்தால்தான் நான் நற்கருணைப் பந்திக்குப் போவேன் என்று திக்கித் திக்கிச் சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம் இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. எப்படிப் போயிற்று என்று எனக்கே ஆச்சரியம்.

காகிதத்தை நானே எழுதினேன். மல்லாந்து படுத்தபடி, நெஞ்சின்மேல் சிலேட்டை வைத்து, அதன்மேல் காகிதம் வைத்து எழுதினேன். என் கையெழுத்து முத்துக் கோத்தமாதிரி இருக்கும், அந்தக் கர்வம் எனக்கு உண்டு. 'தங்கையா அவர்களை முழுமனதாய் மன்னிக்கிறேன். நடந்ததில் என் கவனக்குறைவும் உண்டு, அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அவர்மேல் எனக்கு எந்த வழக்கும் இல்லை.' வழக்கப்படி எழுதினேன். ஒரு பிரதி போதகருக்கு, ஒரு பிரதி தங்கையாவுக்கு. அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தக் கிறிஸ்துமஸ் போல மனம் லேசாக இருந்த கிறிஸ்துமஸ் எனக்கு வேறு கிடையாது. கால் தலைக்குமேல் தொங்கினாலும் அதுதான் உண்மை.

அந்தக் காகிதம் எழுதி இரண்டு நாள் கழித்து வீட்டுக்காரர் வக்கீல் விசுவநாதனைக் கூட்டிவந்தார். மாட்டுங்காவில் இருப்பவர், பாலக்காட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்காரர் மாட்டுங்கா வீடுகளுக்கு மின்விசிறி பழுது பார்க்கப் போவார், அந்தப் பழக்கம். வக்கீல் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "இன்னிக்கு எத்தனாவது நாள்?" என்பது. நாற்பத்தொன்று என்றேன்.

அவர் சொன்னது இதுதான். கார் விபத்து நஷ்டஈட்டுக்கென்று தனியாக டிரிப்யூனல் என்று ஒரு கோர்ட்டு இருக்கிறது. விபத்து நடந்த நாளிலிருந்து அறுபது நாளைக்குள் மனு அங்கே போய்ச் சேர வேண்டும். தாண்டிவிட்டால், தக்க காரணம் இருக்கிறது என்று அவர்கள் ஒப்புக்கொண்டால் எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம். அவர்கள் தயவு. இது அப்போதைய சட்டம். நீங்கள் படிக்கும்போது மாறியிருக்கலாம், விசாரித்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரருக்கு இது சரியாகப் படவில்லை. "எலும்பே கூடல சார். எவ்வளவு நட்டம்னு தெரியாம என்னன்னு கேக்கது? எந்திரிச்சு நடக்கட்டும், பொறவு போடுவோம்" என்றார். டாக்டர் தொண்ணூறு நாள் கேட்கிறார், சட்டம் அறுபதுதான் தருகிறது, இரண்டுக்கும் நடுவில் நான் தொங்கிக்கொண்டிருந்தேன். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்கள், எனக்கு ஒரு கால் கப்பியில். வக்கீல் பொறுமையாகச் சொன்னார். தொகையைப் பின்னால் திருத்திக்கொள்ளலாம், நாளைத் திருத்த முடியாது. முதலில் கதவுக்குள் காலை வைத்துவிட வேண்டும்.

எனக்கோ வேறு தயக்கம். மனுவில் டிரைவர் பெயரும் வரும் என்றார் வக்கீல். பணம் கொடுக்க வேண்டியது கார் சொந்தக்காரரான சேட்டும் அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனியும்தான், டிரைவர் பெயர் முறைக்காகச் சேர்ப்பது என்றும் சொன்னார். இருந்தாலும், 'எந்த வழக்கும் இல்லை' என்று இரண்டு நாள் முன்னால்தானே எழுதிக் கொடுத்தேன்? யோசித்துச் சொல்கிறேன் என்றேன். காகிதத்தைப் பற்றி அவரிடம் மூச்சு விடவில்லை. அது கோயில் விஷயம், அவருக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன்.

அந்த வாரத்தில்தான் என் எலும்பை நான் பார்த்தேன். புது எக்ஸ்ரே எடுத்து, பெரிய டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். ஒடிந்த இரண்டு முனைகளைச் சுற்றி, புகை ஊதியதுபோல வெள்ளையாக ஒன்று. அதற்குக் காலஸ் என்று பெயராம். முறிந்த இடத்தில் உடம்பு தானாகவே ஒரு பசையைச் சுரந்து போடுகிறது, பசை நாளாக நாளாகக் குருத்தாகிறது, குருத்து எலும்பாகிறது. மருந்து ஒன்றும் இல்லை, ஊசி ஒன்றும் இல்லை. நேராக வைப்பது மட்டும்தான் எங்கள் வேலை, ஒட்டுவது எங்களுக்குத் தெரியாது என்று அவ்வளவு பெரிய டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

நான் அழுதுவிட்டேன். நான் தூங்கும்போதும், பிள்ளைகளை நினைத்துப் புலம்பும்போதும், சிஸ்டரிடம் சிடுசிடுக்கும்போதும், எனக்குத் தெரியாமல் எனக்குள்ளேயே இப்படி ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது. எனக்குத் தமிழ் தெரியும், கணக்குத் தெரியும், இதைச் செய்யத் தெரியாது. ஆனாலும் நான்தான் செய்கிறேன். பார்வதிபாய்க்கு இதை எனக்குத் தெரிந்த ஹிந்தியில் விளக்கினேன். அவள் தன் கட்டுப்போட்ட கையை எடுத்து முத்தமிட்டுக்கொண்டாள்.

புது வருடம் பிறந்தது. நாற்பத்தொன்பதாவது நாள் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து கனவான் ஒருவர் மோசம்பி, அதாவது நம் ஊர் சாத்துக்குடிப் பழக் கூடையோடு வந்தார். அனுதாபமாகப் பேசினார். பையிலிருந்து இரண்டு காகிதங்கள் எடுத்தார். ஒன்று என் மன்னிப்புக் காகிதத்தின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு. தங்கையா வேலை போய்விடாமல் இருக்க அதைச் சேட்டிடம் காட்டியிருக்கிறார், சேட் வாங்கிக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். 'என் கவனக்குறைவும் உண்டு' என்ற வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு. நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள், ஆகவே கம்பெனி ஒன்றும் தரக் கடமைப்படவில்லை என்றார் அவர். ஆனாலும் மனிதாபிமானத்தில் ஒரு சிறு தொகை. இரண்டாவது காகிதத்தில், இதற்குமேல் எதையும் யாரிடமும் கேட்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தொகை ஊன்றுகோலுக்கும் ஒரு மாத வாடகைக்கும் போதும். அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தார். அவரைக் குற்றம் சொல்லமாட்டேன், அவர் பயந்துபோயிருந்தார். நானும் பயந்துதான் போயிருந்தேன். கையெழுத்துப் போடாமல் தடுத்தது வீரம் இல்லை, வெட்கம். படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று வருடாவருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவள் நான். சின்ன எழுத்தில் இரண்டு பக்கம் இருந்தது. காகிதத்தை விட்டுவிட்டுப் போங்கள், படித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. பழக்கூடையை மட்டும் வைத்துவிட்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டார், அடுத்த வாரம் கொண்டுவருவதாகச் சொன்னார்.

மறுநாள் வக்கீல் வந்தார். போதகரிடமிருந்து வீட்டுக்காரர் வாங்கிவந்த பிரதியை நான் நீட்டினேன். படித்தார். மறுபடியும் படித்தார்.

"இதை யார் எழுதினா?"

"நான்தான் சார்."

"கையெழுத்து ரொம்ப நன்னா இருக்கு" என்றார். பிறகு வெகுநேரம் கப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வழக்கத்தை அவருக்கு விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. மன்னிப்பு டிரைவருக்குக் கொடுத்தது, அது சேட்டை விடுவிக்காது, அதைச் சமாளிக்கலாம் என்றார். கவனக்குறைவு என்று எழுதிய வரிதான் கழுத்தை அறுக்கும். அதை உடைக்க நேரில் பார்த்த சாட்சி வேண்டும். ஸ்டாப்பில் நின்றவர்களெல்லாம் பஸ் ஏறிப் போய்விட்டார்கள். சேட் சொல்லமாட்டார். மிச்சம் ஒரே ஆள். அந்த ஆள் உண்மையைச் சொன்னால் போலீஸ் கேஸில் தானே மாட்டிக்கொள்வார், வேலையும் போகும். வழக்கில் அவர் என் எதிர்க்கட்சி வேறு. பத்து நாள் இருக்கிறது, அதில் இரண்டு நாள் கோர்ட்டு லீவு என்று வக்கீல் விரல்விட்டு எண்ணினார்.

தங்கையாவிடம் போய் எனக்காக மாட்டிக்கொள் என்று எப்படிக் கேட்பது? கேட்காவிட்டால் என் பிள்ளைகளுக்கு என்ன வழி? போதகரை வரச்சொல்லிக் கேட்டேன். மனுப் போட்டால் ஒப்புரவு முறிந்துபோகுமா, எனக்கு இனி நற்கருணை உண்டா என்று கேட்டேன். தன்னிடம் இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை என்று அவர் உண்மையைச் சொன்னார். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தார். "தங்கையாகிட்டயே பேசும்மா. ஒப்புரவு ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உள்ளது. அதுல எனக்கு வேல இல்ல" என்றார். பதில் சொல்லாமல் நழுவுகிறார் என்று அப்போது கோபம் வந்தது. இப்போது அது சரியான பதில் என்று நினைக்கிறேன்.

ஐம்பத்தாறாவது நாள் தங்கையா வந்தார். நான் வழக்கைப் பற்றிச் சுற்றி வளைத்து ஆரம்பித்தேன். சட்டம், அறுபது நாள், மனுவில் உங்கள் பெயரும் வரும், நான் விருப்பப்பட்டுச் செய்யவில்லை என்றெல்லாம் சொன்னேன். சாட்சி வேண்டும் என்ற பேச்சை மட்டும் நாக்கு எடுக்கவில்லை. அவர் குறுக்கே கேட்டார்.

"டீச்சரம்மா, ஒண்ணு கேக்கேன். நீங்க ஸ்டாப்புல நின்னுக்கிட்டுதான இருந்திய? ஒங்க மேல என்ன தப்புன்னு எழுதுனிய?"

"அது வழக்கம்லா. ரெண்டு பேரும் கேக்கணும்லா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் சொன்னார். "நான் கேட்டது பாதி மன்னிப்புதாம்மா. பிரேக்கு புடிக்காதுன்னு எனக்குத் தெரியும். மூணு தடவ சேட்டுகிட்ட சொன்னேன். தீவாளி கழியட்டும்னாவ. தெரிஞ்சும் ஓட்டுனேன். இத அன்னைக்குப் போதகருக்கு முன்னால சொல்லல. சொல்லாமலே போயி பந்தியில கை நீட்டிட்டேன்."

பக்கத்துக் கட்டிலில் பார்வதிபாய்க்குத் தமிழ் தெரியாது, இருந்தாலும் விசிறியை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோர்ட்டுலயும் சொல்லுதேன். சேட்டுகிட்டயும் சொல்லிட்டுத்தான் வருவேன், ஒளிச்சு வச்சுச் சொல்லமாட்டேன்" என்றார்.

உங்களுக்கு ஜெயில்கூடக் கிடைக்கலாம் என்று சொன்னேன். சொல்லாமல் இருந்தால் நான் மனுஷி இல்லை. தெரியும் என்றார். பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டேன் என்றார். அவ்வளவுதான் பேச்சு. இந்த எட்டு வாரத்தில் என் எலும்பு செய்ததை நான் பெரிய அதிசயம் என்று நினைத்திருந்தேன். ஒரு ஆள் தன் வாயாலேயே தன்னை ஒடித்துக்கொண்டு நேராக நின்றதை அன்றைக்குப் பார்த்தேன். கடைசியில் அவருக்கு ஒரு மோசம்பியைத்தான் உரித்துக் கொடுக்க முடிந்தது.

வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தீர்ப்பு வர இரண்டு வருடம் பிடித்தது. கேட்டதில் பாதியும் கொஞ்சமும் கிடைத்தது. இரண்டு பெண்களும் படிப்பை விடவில்லை, நானும் இரண்டாவது மாடி ஏறிக்கொண்டிருக்கிறேன். தங்கையாவுக்குப் போலீஸ் கேஸில் அபராதத்தோடு முடிந்தது. உண்மையைச் சொன்னதால் நீதிபதி இரங்கினார் என்று வக்கீல் சொன்னார். இதெல்லாம் பின்னால் வந்தது. மனுப் போட்ட நாளைச் சொல்லி முடிக்கிறேன்.

ஐம்பத்தெட்டாவது நாள், சாயங்காலம் நாலு மணி. வக்கீல் டைப் அடித்த மனுவோடு வந்தார். மறுநாள் காலை அவரும் என் வீட்டுக்காரரும் கோட்டைப் பகுதியில் இருக்கும் டிரிப்யூனலுக்குப் போய் அதைத் தாக்கல் செய்வதாக ஏற்பாடு. வீட்டுக்காரர் சிலேட்டை என் நெஞ்சின்மேல் வைத்து மனுவை அதன்மேல் வைத்தார். அப்போது தங்கையா உள்ளே வந்தார். கையில் ஒரு தூக்குச்சட்டியில் கஞ்சி, அவர் மனைவி கொடுத்துவிட்டது. வக்கீல் பதறிவிட்டார். எதிர்க்கட்சிக்காரர் மனு தயாராகும் இடத்தில் நிற்கலாமா என்று என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய? பார்வை நேரம், யார் வேண்டுமானாலும் வரலாம்.

தங்கையா கஞ்சியை அலமாரிமேல் வைத்துவிட்டு, என்னைப் பற்றி என்ன சார் எழுதியிருக்கிறது என்று பணிவாகக் கேட்டார். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. வக்கீல் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி போகட்டும் என்று அவர் சம்பந்தப்பட்ட வரியை மட்டும் தமிழில் சொன்னார். எதிர்மனுதாரர் தங்கையா, கார் டிரைவர், வசிப்பது செம்பூரில் சேட் வீட்டு கராஜ் அறை.

"அங்க இப்ப நான் இல்ல சார்" என்றார் தங்கையா. "நேத்து சேட்டுகிட்ட சொன்னேன். நேத்தே வெளிய போகச் சொல்லிட்டாவ."

என் வீட்டுக்காரர் கப்பிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"பழைய அட்ரெஸ்ல நோட்டீசு போனா எனக்கு வந்து சேராது" என்று தங்கையா தொடர்ந்தார். "எழுதிக்கோங்க சார். தாராவி, தண்ணிக் கொழாய்க்கு எதுத்த சந்து, மூணாவது வீடு, மச்சான் வீடு. பகல்ல ஆளு இருக்கமாட்டோம். சாயந்தரமாக் கொண்டாரச் சொல்லுங்க. நான் இருந்து வாங்கிக்கிடுதேன்."

வக்கீல் பேனாவைத் திறந்தார். டைப் அடித்திருந்த முகவரியை அடித்துவிட்டு, அவர் சொல்லச் சொல்ல மேலே எழுதினார். சந்து எந்தப் பக்கம் என்று ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டார். மனுவில் ஏதாவது அடித்துத் திருத்தினால் அந்த இடத்தில் மனுதாரர் கையெழுத்து வேண்டுமாம். வக்கீல் அதை என்னிடம் சொல்லிவிட்டு, விரலால் இடத்தைக் காட்டினார். ஆகவே அந்த வழக்கில் நான் முதலில் போட்ட கையெழுத்து தங்கையாவின் வீட்டு முகவரிக்குப் பக்கத்தில்தான். அவர் குனிந்து, காகிதம் ஆடாமல் இருக்க சிலேட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.